சோழி எழுந்து போன மதியம்

விளக்கைப் போடுவதற்கு முன்னால் சோழியம்மா தொட்டித் தண்ணீரில் விரலை நனைத்துக்கொள்வார். நனைத்த விரலை நாக்கில் வைத்து, மறந்துபோன பேர் ஒன்றை ஞாபகப்படுத்துகிறவர் மாதிரி கண்ணை மூடி நிற்பார். "நேத்தைவிடக் கொஞ்சம் சப்புனு இருக்கு. மழைத்தண்ணி கலந்திருக்கும்" என்பார். இல்லையென்றால், "சரியா இருக்கு" என்பதோடு சரி. அதற்குப் பிறகுதான் சுவரில் இருக்கும் பொத்தான்களை அழுத்துவார். நீண்ட கூடத்தில் கண்ணாடித் தொட்டிகள் ஒவ்வொன்றாகக் கண் விழிக்கும்.

உப்பு அளக்க இப்போது கருவி வந்துவிட்டது. அதைக் கையில் வைத்திருக்கும் பெண் எண்ணைப் படித்துச் சொல்வாள். பல நாள் இரண்டும் ஒத்துப்போகும். சில நாள் இவர் சொன்னது தப்பாகிவிடும். "நாக்குக்கும் வயசாகுதுல்ல" என்று விரலைத் துடைத்துக்கொள்வார். மறுநாள் காலையில் மறுபடியும் விரலை நனைப்பார்.

நானும் சோழியம்மாவும் ஒரே கடல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர்கள். எனக்குத் தட்டச்சு, அவர் தொட்டிகளுக்குப் பொறுப்பு. இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது என்று மாலை போடாத குறையாக அனுப்பி வைத்தார்கள். நான் வீட்டோடு இருந்துவிட்டேன். அவர் மறு வாரமே திரும்பிப் போய், "நத்தைத் தொட்டியை மட்டும் காலையில வந்து பாத்துட்டுப் போறேனே" என்று கேட்டு நின்றார். நிலையத்தில் பாதியை அதற்குள் பொதுமக்கள் பார்க்கும் காட்சிக்கூடமாக மாற்றியிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சோழியம்மா என்ற பேர் அந்தக் காலத்து வாசல் காவலாளி வைத்தது. அப்போது இவருக்கு முப்பது வயதுகூட இல்லை. ஆனாலும் பேர் ஒட்டிக்கொண்டது. டைரக்டரிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் சோழியம்மாதான்.

நாங்கள் வேலை பார்த்த பழைய தொட்டிக் கொட்டகையை நினைத்தால் எனக்கு முதலில் சத்தம்தான் காதில் வருகிறது. பம்ப் மூச்சு வாங்கும் சத்தம். குழாய் மூட்டுகளில் சொட்டுச் சொட்டாக விழும் சத்தம். நடுவில் இவருடைய ரப்பர் செருப்பு சளப் சளப் என்று போகும். கூரையில் பாதி கண்ணாடி. முற்பகல் வெயில் தண்ணீரில் விழுந்து சுவரெல்லாம் நெளியும். என் தட்டச்சுப் பொறியில் உப்புக்காற்று பட்டு எழுத்துகள் மாட்டிக்கொள்ளும்போது, இவர்தான் பழைய பல் பிரஷோடு வந்து தேய்த்துக் கொடுப்பார். மதியம் இரண்டு பேரும் தொட்டித் திண்டில் டப்பாவை வைத்துச் சாப்பிடுவோம். ஒருநாள் தெரியாமல் அந்தத் தண்ணீரிலேயே கையை அலம்பப் போனேன். "அது அவங்க வீடு. உங்க வீட்டு நடுக்கூடத்துல வந்து யாராவது கை கழுவுனா விடுவீங்களா?" என்றார். இன்றைக்கும் வாளித் தண்ணீரில் கை விடும்போது யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று பார்க்கிறேன்.

மற்றவர்கள் நத்தையைப் பார்ப்பார்கள். இவர் நத்தைக்கு அடியில் பார்ப்பார். முட்டை வைத்திருக்கிறதா என்பதுதான் இவருடைய முதல் கேள்வி. கடல் நத்தைகள் முட்டை வைக்கும் வகைகளை இவர் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு ஜாதி, ஆணும் பெண்ணும் கிட்டக்கூட வராமல், உள்ளதைத் தண்ணீரில் விட்டுவிட்டு அதது வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். இன்னொன்று மணலையும் கோழையையும் குழைத்து, உடைந்த பானையின் கழுத்து மாதிரி ஒரு வளையம் செய்து, அதற்குள் முட்டையைப் பதித்துக் கரையோரம் விட்டுப்போகும். சங்கு, ஆட்டுக்கொம்பைப் போல முறுக்கின நீளப் பை ஒன்றை மணலில் நட்டுவைக்கும். சில ஜாதிகள் முட்டைப் பையைக் கல்லில் ஒட்டிவிட்டுப் போகும்; அந்தப் பைக்குள் முதலில் வளர்ந்தது, பின்தங்கிய கூடப்பிறப்பைத் தின்றே பெரிதாகும். "அண்ணன் தம்பி சொத்துத் தகராறு அங்கயே ஆரம்பிச்சாச்சு" என்பார் சோழியம்மா.

கடைசியாகத்தான் சோழிக்கு வருவார். சோழி முட்டை வைத்ததோடு போய்விடாது. ஓட்டுக்கு அடியில் இருக்கும் சதைப் பாதத்தால் அத்தனை முட்டையையும் போர்த்தி அதன் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். குஞ்சு வெளிவரும் வரை நகராது. இரை எடுக்காது. "அது மட்டுந்தாங்க உக்காந்து பாக்குறது" என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் தணியும்.

மனிதர்களையும் இந்தக் கணக்கில்தான் பிரிப்பார். விட்டுட்டுப் போறவங்க, ஒட்டிட்டுப் போறவங்க, உக்காந்து பாக்குறவங்க. அவர் குடியிருக்கும் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கும் ஒரு பெண், தன் பிள்ளைகளுக்குச் சாப்பாடு எடுத்துவைத்து, கதவைப் பூட்டி, வேலைக்கு ஓடுகிறவள். "அவ ஒட்டிட்டுப் போற ரகம். கெட்டிப் பையா செஞ்சு, வாயை அடைச்சு, கல்லுல ஒட்டிட்டுப் போவா. ஒரு குறை சொல்ல முடியாது" என்றார். என்னை உட்கார்ந்து பார்ப்பவள் என்று சொல்லிவிட்டு, "அதனாலதான் உங்க பையன் இன்னும் உங்களைக் கேக்காம சட்டை வாங்குறதில்ல" என்று சேர்த்துக்கொண்டார். அவர் எந்த ரகம் என்று நான் ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறேன். "நான் விட்டுட்டுப் போனவ" என்றார். டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அந்த விஷயத்தை இங்கே எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதுங்க. தெரியக்கூடாதவங்களுக்கெல்லாம் தெரிஞ்சாச்சு" என்றார்.

கல்யாணமான இரண்டாம் வருடம், வயிற்றில் பிள்ளை இருக்கும்போது, லாரி ஓட்டின கணவர் சாலை விபத்தில் போய்விட்டார். பெண் குழந்தை பிறந்தது. நிலையத்தில் வேலை கிடைத்தது. தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே தங்கவேண்டும், கைக்குழந்தையோடு வரக்கூடாது என்று நிபந்தனை. இவருடைய அக்கா வெளியூரில் இருந்தார். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. "கொஞ்ச நாளைக்கு நான் வச்சுக்கறேன். நீ காலூன்று" என்று அக்கா வாங்கிக்கொண்டார். நல்ல மனசோடுதான் வாங்கினார் என்பதைச் சோழியம்மா எப்போதும் சொல்லாமல் விடமாட்டார்.

குழந்தை ஓடியாடும் வயதில் இவருக்குத் தனி வீடு ஒதுக்கினார்கள். திருப்பிக் கூட்டிவரலாம் என்று புதுச் சட்டை, சின்னப் பாய் எல்லாம் வாங்கிக்கொண்டு கிளம்பினார். போன நேரம் பிள்ளைக்குக் காய்ச்சல். அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது, இவர் கையை நீட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று அக்காவின் தோளில் புதைந்துவிட்டது. அக்காவும் அழுதுகொண்டே, "நீ சொன்னா குடுத்துடறேன்" என்றாராம். இவர் சொல்லவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். அந்தப் பாயில் அப்புறம் ரொம்ப நாள் நிலையத்துப் பூனை படுத்திருந்தது. வீட்டில் எல்லோரும் பிள்ளையைக் குட்டி என்று கூப்பிட்டார்கள். குட்டிக்கு இவர் சித்தி.

பள்ளி விடுமுறை ஒன்றில் அக்காவும் குட்டியும் இங்கே வந்து தங்கினார்கள். குட்டிக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது இருக்கும். இரட்டைப் பின்னலும் உரிந்த முழங்காலுமாக, நிலையம் முழுக்க அவள் குரல்தான். அந்த வாரம்தான் ஒரு சோழி, கவிழ்த்துப்போட்ட பூந்தொட்டி ஓட்டுக்கு உள்ளே முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. நிலையத்தைப் பற்றிப் படப் புத்தகம் போடுவதாக ஏற்பாடு. டைரக்டர் நல்ல மனிதர். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"சோழியம்மா, முட்டை தெரியற மாதிரி ஒரே ஒரு படம் கிடைச்சா நல்லா இருக்கும். எடுத்துட்டு அப்படியே வச்சிடலாமா?"

"வச்சிடலாங்கய்யா. வேற யாரும் கை வைக்க வேணாம். நானே தூக்கறேன்."

இரண்டு விரலால் மெதுவாக அசைத்து அசைத்து எடுத்தார். ஈரக் காகிதத்தை உரித்த மாதிரி அது விட்டு வந்தது. உள்ளே வேகவைத்த ஜவ்வரிசியைக் குவித்த மாதிரி முட்டைப் பைகள், தேன் நிறத்தில். புகைப்படக்காரர் நாலைந்து தடவை அழுத்தினார். சோழியம்மா நத்தையைத் திரும்ப முட்டைமேல் வைத்து, ஓட்டைக் கவிழ்த்துவிட்டார். எல்லோரும் கலைந்தார்கள். குட்டி மட்டும் முக்காலிமேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, அது வெளிய வந்துடுச்சு."

வந்துதான் இருந்தது. பூந்தொட்டி ஓட்டைவிட்டு வெளியேறி, மணலைத் தாண்டி, தொட்டியின் எதிர்மூலைக்குப் போய்க் கண்ணாடியில் ஏறிக்கொண்டது. முட்டைகள் திறந்து கிடந்தன. எனக்கு என் மேசையிலிருந்தே அவர் முகம் தெரிந்தது. முட்டையைத் தின்றுவிடாமல் இருக்க, வலையால் அந்தத் தொட்டியில் இருந்த சின்ன மீன்களையும் நண்டுகளையும் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றினார். பிறகு இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க தூக்கினதுக்குக் கோவிச்சுக்கிச்சா?"

"ஆமா. நான் தூக்கினதாலதான்."

"திரும்பி வருமா?"

"வரலாம். வராமலும் இருக்கலாம்."

"நாம காவல் இருக்கலாமா?"

"இருக்கலாம்."

சாப்பாட்டு நேரத்துக்கு அக்கா வந்து வாசலில் நின்றார். "வா குட்டி, அம்மா ஊட்டி விடறேன்" என்றார். குட்டி திரும்பாமலே, "நான் வரல. நாங்க காவல் இருக்கோம்" என்றாள். அந்த "நாங்க" அக்காவின் முகத்தில் எங்கேயோ போய்ப் பட்டதை நான் பார்த்தேன். சோழியம்மா தலையைத் தூக்கவில்லை. சுத்தமாக இருந்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா போய், இரண்டு பேருக்குமாகச் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து திண்டில் வைத்தார். "சரி, சித்தி கூடவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவு சுலபமாக அது அவர் வாயில் வந்திருக்காது.

குட்டி சாப்பிட்டாள். இவர் டப்பாவைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குட்டி ஒரு கவளத்தை உருட்டி இவர் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"நீங்க ஒண்ணும் சோழி இல்ல, சித்தி. சாப்பிடுங்க."

நான் தட்டச்சு செய்கிற மாதிரி பொறியைத் தட்டினேன். தாளே போடவில்லை.

சாப்பிட்டுக்கொண்டே குட்டி கேட்டுக்கொண்டிருந்தாள். குஞ்சு வந்ததும் சோழி என்ன செய்யும்? அது பாட்டுக்குப் போய்விடும். குஞ்சு? தண்ணீரோடு போகும். ரெண்டு சிறகு மாதிரி இருக்கும், தூசு அளவுக்கு, அடித்துக்கொண்டே மிதக்கும். அதுக்கு அம்மா யாருன்னு தெரியுமா? "தெரியாது" என்றார் சோழியம்மா. குட்டி விரலை நக்கினாள். "அம்மாவுக்கு?" என்று கேட்டாள்.

இவர் எழுந்து பம்ப் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கப் போனார். பம்ப் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வெயில் சாய்ந்து சுவரில் நெளிந்த வெளிச்சம் மங்கும்போது சோழி கண்ணாடியைவிட்டு இறங்கியது. மணலில் கோடு இழுத்துக்கொண்டு, நின்று நின்று வந்தது. டைரக்டர்கூடத் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார், குடிக்க மறந்துவிட்டார். சோழி பூந்தொட்டி ஓட்டுக்குள் நுழைந்து, முட்டையின் ஓரத்தைப் பாதத்தால் தடவிப் பார்த்து, அப்புறம் மெல்ல மெல்ல முழுதும் போர்த்திக்கொண்டது. "வந்துடுச்சு" என்று குட்டி கிசுகிசுத்தாள். இவர் தலையை மட்டும் ஆட்டினார்.

முட்டை நிறம் கறுத்துப் பொரிந்தபோது குட்டி ஊருக்குப் போயிருந்தாள். தொட்டித் தண்ணீரை வாளியில் மொண்டு கடலில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்த சோழியம்மா, "வழியனுப்பிட்டு வந்தேன்" என்றார். அப்புறம் அந்த விடுமுறை மாதிரி ஒன்று வாய்க்கவில்லை. அக்காவின் கணவருக்குத் தொலைதூர ஊருக்கு மாற்றல் வந்தது. குட்டி படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணத்தில் சோழியம்மா சித்தியாகப் பந்தலில் நின்று வந்தவர்களை வரவேற்றார். இன்றைக்கும் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் அந்த மதியத்தில் வந்து நிற்கும். "அந்தக் கவளம் ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" என்று கேட்பார். இருக்கிறது என்பேன். மறுபடியும் முதலிலிருந்து சொல்வார். மேகம் வந்து போனதுகூட விடுபடாது.

அக்கா சில வருடங்களுக்கு முன்னால் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் குட்டி தனியாக இங்கே வந்தாள். நேராகக் காட்சிக்கூடத்துக்கே வந்துவிட்டாளாம். அன்றைக்கு நான் அங்கே இல்லை. சோழியம்மா சொல்லித்தான் தெரியும்.

"அம்மா ஆஸ்பத்திரியில எல்லாத்தையும் சொல்லிட்டாங்க" என்றாள் குட்டி. "உன்னை அவகிட்டேருந்து திருடிட்டேன்னு அழுதாங்க."

"திருடல. நான்தான் குடுத்தேன்."

"ஏன் குடுத்தீங்க?"

"கையில நீ இருந்தா வேலை இல்ல. வேலை இல்லேன்னா சோறு இல்ல. அக்காகிட்ட வீடு இருந்துச்சு, சோறு இருந்துச்சு. நீ மட்டுந்தான் இல்ல."

"அப்புறமாவது கேட்டிருக்கலாமே?"

"கேக்கத்தான் வந்தேன். நீ அவ கழுத்தை விடல."

"எனக்கு அப்ப என்ன வயசு? என்னைச் சொல்றீங்களா?"

"உன்னைச் சொல்லல. நடந்ததைச் சொன்னேன்."

குட்டி அன்று ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். அப்புறம் வரவில்லை, கூப்பிடவும் இல்லை. விடுமுறைகள் வந்து போயின. சோழியம்மா அந்த நாட்களில் தொட்டிகளைத் தேவைக்கு மேல் சுத்தம் செய்தார். நான் ஒருமுறை, நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன் என்றேன். "ஒரு தடவை போய்க் கையை நீட்டினேன். மறுபடியும் நீட்ட எனக்குத் தைரியம் இல்ல" என்றார்.

ஒரு நாள் காலையில் தொலைபேசி அடித்தது. நான் அப்போது அவர் வீட்டில்தான் இருந்தேன், குரல் எனக்கும் கேட்டது. குட்டிதான். முன்னுரையும் இல்லை, விசாரிப்பும் இல்லை. நேராகக் கேள்வி.

"உங்களுக்குத் தலைவலி வருமா? ஒரு பக்கமா?"

"வரும். ஏன்?"

"டாக்டர் கேக்கறார். அம்மாவுக்கு இருந்துச்சான்னு. எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"எனக்கும் இடதுதான்" என்றாள் குட்டி.

"வெளிச்சம் ஆகாதே? வாந்தி வர்ற மாதிரி இருக்குமே?"

"ஆமா."

"ஈரத்துணியைப் பிடரியில வச்சுக்கிட்டு இருட்டுல படு. போனை வை முதல்ல. பேசினா இன்னும் குத்தும்."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. ஆனால் வாய் ஓரம் சிரிப்பு. "பிள்ளைக்குத் தலைவலின்னு கேட்டுச் சந்தோஷப்படற ஜென்மம் உலகத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்" என்றார்.

அதற்குப் பிறகு தலைவலியைச் சாக்கு வைத்து அவள் கூப்பிடுவாள். தலைவலி இல்லாத நாளிலும் கூப்பிடுவாள். முடி கொட்டுகிறது, உங்களுக்கும் கொட்டினதா. எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்குகிறது, அது யாருடையது. ஒவ்வொன்றுக்கும் இவர் யோசித்துப் பதில் சொல்வார். கை நடுக்கம் செத்துப்போன கணவருடையது என்று சொன்ன அன்றைக்கு, அவரைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். போன வருடத்திலிருந்து குட்டி வந்துபோக ஆரம்பித்திருக்கிறாள். இரண்டு நாள் தங்குவாள், மூன்றாம் நாள் போவாள்.

கூப்பிடுவது இன்னும் சித்தி என்றுதான். அதைப் பற்றி நான் பேச்செடுத்தபோது சோழியம்மா குறுக்கிட்டார். "அம்மாங்கற பேரு அக்கா சம்பாதிச்சது. எத்தனை காய்ச்சல், எத்தனை பரீட்சை. செத்துப்போனவகிட்டேருந்து அதைப் பிடுங்கிக்க எனக்கு மனசில்ல. இவ கூப்பிட வந்தாலும் நான் வேணாம்னுதான் சொல்வேன்."

சொல்வாரா என்று எனக்கு நிச்சயமில்லை. அவள் கூப்பிட்டும் பார்த்ததில்லை.

போன வாரம் நான் போயிருந்தபோது இரண்டு பேரும் கடற்கரைக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். சோழியம்மா சுவரில் சாய்ந்து தரையில் காலை நீட்டி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். குட்டி எதிரே நாற்காலியில். தலைமுடியில் அங்கங்கே நரை. கைப்பேசியில் அலுவலகத்தோடு ஏதோ வாக்குவாதம். "அதை நான் நாளைக்கே சொன்னேன்ல, நேத்து சொன்னேன்ல" என்று குழறிக்கொண்டிருந்தாள். பேச்சு மும்முரத்தில், எங்கே வைக்கிறோம் என்று பார்க்காமலே, ஈர மணல் ஒட்டிய வலது காலைத் தூக்கிச் சோழியம்மாவின் மடியில் போட்டாள். போட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை, பேசிக்கொண்டே இருந்தாள்.

சோழியம்மா அசையவில்லை. அப்புறம் கையில் இருந்த கோப்பையைச் சத்தம் வராமல் தரையில் வைத்துவிட்டு, அந்தக் காலின் விரல் இடுக்குகளில் இருந்த மணலைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார்.